வெட்டிய பதினோரு வரி

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து, சிப்காட்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோக்கள் நிற்கிற பக்கம் திரும்பினால், பேட்டரிக் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவே ஒரு ஜெராக்ஸ் கடை ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துவிட்டது. திலகாக்கா கடை என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். ஆதார் நகல், கம்பெனி வேலைக்குப் பயோடேட்டா, மின் இணைப்புக்குப் பெயர் மாற்றம், காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் அங்கே ஆகும். கடைக்காரி திலகவதிக்கு நாற்பத்தாறு வயது. மூக்கு நுனியில் கண்ணாடி, தோளில் எப்போதும் ஒரு துண்டு. மெஷினில் காகிதம் சிக்கினால் அதோடு பேசுவாள். “இன்னா, காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டியா?” என்று அவள் அதட்டுவது மெஷினைத்தான் என்று தெரியாமல் சில பேர் வாசலிலேயே பின்வாங்கியிருக்கிறார்கள்.

இந்தப் பெண்பிள்ளை சீன தேசத்துச் சரித்திரத்தில் ஏழு வருஷத்தை வெட்டி எறிந்தவள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவளே சொல்லிப் பார்த்தாள். நம்பவில்லை.

அவள் பிறந்தது பொன்னேரிக்குப் பக்கத்தில், நாலு பக்கமும் நெல் வயல் சூழ்ந்த ஒரு ஊரில். தகப்பனாருக்கு இரண்டரை ஏக்கர் இருந்தது. பிளஸ் டூ முடித்ததும் கல்லூரியில் கணக்குக் கேட்டாள்; இடம் இல்லை, வரலாறு இருக்கிறது என்றார்கள். “எதுனா ஒண்ணு படி, ஊட்டுல சொம்மா குந்திக்கினு இருக்காத” என்றார் நைனா. அவள் வரலாற்றுக்கு வந்தது அப்படித்தான். பெரிய ஆசை ஒன்றும் கிடையாது.

மூன்றாம் வருஷம் சீனாவைப் பற்றிய பாடம் வந்தது. மூன்று அங்குலச் செருப்புக்குள் அடக்குவதற்காகப் பெண்குழந்தைகளின் பாத விரல்களை மடக்கி ஒடித்துத் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள் என்று பேராசிரியை நோட்ஸ் சொல்லிக்கொண்டே போனார். எழுதிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக நிறுத்திவிட்டு பெஞ்சுக்கு அடியில் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வகுப்பில், பாடத்தில், அந்த நாட்டு இளவட்டங்கள் வந்தார்கள். ஷாங்காயிலும் பீகிங்கிலும் பத்திரிகை நடத்திக்கொண்டு, படித்தவனுக்கு மட்டும் புரிகிற பழைய எழுத்து வேண்டாம், ஜனங்கள் பேசுகிற பேச்சில் எழுதுவோம் என்றவர்கள். பெண் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்ளட்டும் என்றவர்கள். இனி நமக்கு வழிகாட்டி திருவாளர் அறிவியல், திருவாளர் மக்களாட்சி என்று இரண்டு பேருக்கு மரியாதை கொடுத்தவர்கள்.

திலகவதி வீட்டுக்கு வந்து, அடுப்படியில் இருந்த தாயார் லட்சுமியம்மாளிடம் இதைச் சொன்னாள். “அந்த ஊர்ல மாப்பிள்ளைய பொண்ணே பாத்துக்கலாம்னு பேப்பர்ல எழுதனாங்களாம்மா.”

“எழுதனவன் கல்யாணம் எப்டி ஆச்சுன்னு போட்டிருக்கானா?” என்றாள் லட்சுமியம்மாள், குழம்பைக் கிண்டிக்கொண்டே.

 பல வருஷம் கழித்து, எம்.ஏ. படிக்கும்போது திலகவதி அதைத் தேடிப் பார்த்தாள். அப்படி எழுதியவர்களில் சில பேர் தாயார் கைகாட்டிய பெண்ணைத்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அவளுக்கும் அப்படியே ஆகிவிட்டிருந்தது.

கட்டிக்கொண்டவர் செங்கல்வராயன். சிப்காட்டில் கம்பி உருட்டுகிற மில்லில் ஷிஃப்ட் ஆப்பரேட்டர். நல்ல மனுஷன் என்றே சொல்லவேண்டும். பழுக்கக் காய்ச்சிய இரும்பை எட்டு மணி நேரம் பார்த்துவிட்டு வருகிறவருக்கு வீட்டில் யாரையும் எதிர்த்துப் பேசத் தெம்பு இருக்காது; அதனால் மனைவி தபாலில் எம்.ஏ. படிக்கிறேன் என்றபோது தடுக்கவில்லை. அவள் பாஸ் செய்தாள். விரிவுரையாளர் தகுதித் தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கொஞ்சத்தில் விட்டாள். மூன்றாம் முறை தேர்வு மையம் வேலூரில் விழுந்தது; அவளுக்கு எட்டாம் மாசம். போகவில்லை. அதற்கப்புறம் ஜெராக்ஸ் கடைதான்.

கடைக்கு வருகிறவர்களில் சிப்காட்டில் வேலை செய்துகொண்டே தபாலில் எம்.ஏ. வரலாறு படிக்கிற கூட்டம் ஒன்று இருந்தது. “புக்கு ஃபுல்லா இங்கிலீஷ்ல கீது அக்கா, ஒரு எழவும் புரியல” என்று அவர்கள் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு, 2009-இல் கிழக்காசிய வரலாற்றுக்கு அவளே தமிழில் நோட்ஸ் எழுதினாள். தன் பழைய கையெழுத்து நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பேஜ்மேக்கரில் அடித்தாள். ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம். எட்டுத் தாள் அடுக்கி நடுவில் இரண்டு பின் போட்டால் முப்பத்திரண்டு பக்கத்தில் அழகான கைப்புத்தகம். அடித்து முடித்தபோது பதினோரு வரி மிஞ்சியது. அந்தப் பதினோரு வரிக்காக ஒன்பதாவது தாள் போட்டால் மூன்று பக்கம் வெறுமையாக நிற்கும். எதையாவது வெட்டவேண்டும்.

சீனப் பகுதியில் ஒரு பத்தி கண்ணில் பட்டது. மஞ்சு வம்சத்தின் கடைசி ராஜா 1912-இல் முடியைத் துறந்ததையும், அதற்கப்புறம் 1919-இல் மாணவர்கள் தெருவுக்கு வருகிறவரை இருந்த ஏழு வருஷத்தையும் சொல்கிற பத்தி. அந்த ஏழு வருஷத்தில் என்ன நடந்தது? குடியரசு என்று பெயர் வந்தது. தளபதிகள் நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வீட்டுக்குள் எல்லாம் பழையபடியே இருந்தது. இதிலிருந்து யார் கேள்வி எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். பென்சிலால் சுற்றிக் கட்டம் போட்டு ‘வேண்டாம்’ என்று எழுதினாள். ராஜா போன சேதி மட்டும் முக்கியமாயிற்றே, அதை விடமுடியாது. ‘இதன் விளைவாக மன்னராட்சி முடிவுக்கு வந்தது’ என்ற அந்த ஒரு வரியை எடுத்து, பத்தொன்பதாம் பக்கத்துக் கடைசியில் சரியாக ஒரு வரிக்கு இடம் இருந்ததைப் பார்த்து அங்கே உட்கார வைத்தாள். பக்கம் கச்சிதமாக முடிந்தது. அவளுக்கு அன்றைக்கு அது திருப்தியாகக்கூட இருந்தது.

அந்தப் பக்கத்தில் அந்த வரிக்கு மேலே இருந்தது 1919 மே நான்காம் தேதி மாணவர் போராட்டம். படிக்கிறவன் கண்ணுக்கு, மாணவர்கள் கத்தினார்கள், ராஜா விழுந்தான் என்று ஆகிவிட்டது.

புத்தகத்தில் அவள் பெயர் போடவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரி எழுதினாள் என்றால் வாங்குவானா? அது நகலாகி, நகலின் நகலாகி, பொன்னேரி, திருவள்ளூர், அரக்கோணம் வரைக்கும் போனது. போகிற வழியில் யாரோ ஓரத்தில் கையால் விளைவுகளுக்கு எண் போட்டார்கள். ‘மே நான்கு இயக்கத்தின் விளைவுகள்: ஒன்று, மஞ்சு வம்ச வீழ்ச்சி.’ வேறு யாரோ அட்டை போட்டார்கள். அட்டையில் ‘பேராசிரியர் ராஜமாணிக்கம்’ என்று இருந்தது. திலகவதிக்கு இதெல்லாம் காதில் விழுந்தும் விழாமலும் போனது. ஜெராக்ஸ் போடுகிறவள் போடுகிற காகிதத்தை எங்கே படிக்கிறாள்?

படித்தது அங்காளம்மாள்.

அங்காளம்மாள் செங்கல்வராயனின் தங்கை. கடம்பத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்து, அடி தாங்காமல் அண்ணன் வீட்டுக்கு வந்தவள். திருவள்ளூர் கோர்ட்டில் விவாகரத்து வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது முப்பத்தொன்பது. சுவிட்சு பாக்ஸ் செய்கிற கம்பெனியில் பேக்கிங் லைனில் கான்ட்ராக்ட் வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடி லேபிள் ஒட்டவேண்டும். கெண்டைக்கால் நரம்பு சுருண்டு, மண்புழு ஊர்கிற மாதிரி நீலமாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். “இன்னும் ரெண்டு வருஷம் நின்னா ஆபரேஷன்தான்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொன்னேரியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டன்ட் அம்மா அவளிடம் பேசிப் பார்த்து, எம்.ஏ. சர்டிபிகேட்டோடு வா, ஆறாம் வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். எல்லாப் பேப்பரும் முடிந்து, கிழக்காசிய வரலாறு மட்டும் பாக்கி. முன்னே இரண்டு தடவை ஷிஃப்ட் முடிந்து அப்படியே ஓடிப்போய் எழுதி, கால் வலியில் பாதியில் எழுந்து வந்து ஃபெயில். மேலே ஒரு தடவைதான் உண்டு. அதற்கப்புறம் பதிவுக்காலம் முடிந்துவிடும்.

வார லீவு அன்று அவள் கடைக்கு வந்து, காகிதப் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு, அந்த நோட்ஸைச் சத்தம் போட்டுப் படிப்பாள். பாதம் கட்டுகிற இடம் வந்தால் நிற்பாள். “அவங்கள நடக்க உடல, என்னைய உக்கார உடல. ஒரே ஆளுதான் அண்ணி எல்லாம், வேற வேற ஊர்ல சூப்பர்வைசரா இருந்துக்கீறான்” என்பாள். திருவாளர் அறிவியல், திருவாளர் மக்களாட்சி வந்தபோது, “ரெண்டும் ஆம்பளதானா? ஒரு திருமதி கெடைக்கலியா அவனுங்களுக்கு?” என்றாள். பயோடேட்டா அடிக்க வந்த ஆள்கூடச் சிரித்துவிட்டான்.

அப்படி ஒரு நாள்தான் அவள் திடீரென்று நிறுத்தினாள்.

“அண்ணி, பதினேழாம் பக்கத்துல இன்னா போட்டுக்கீது? தொள்ளாயிரத்திப் பன்னெண்டுல குடியரசு அரசாங்கம் வந்து, ஆம்பளைங்கல்லாம் மஞ்சு ராஜா வெக்கச் சொன்ன சடைய வெட்டிக்கணும்னு ஆர்டர் போட்டுச்சு. சரியா?”

“சரி.”

“பொண்ணுங்க கால கட்டக்கூடாதுன்னு ஆர்டர் போட்டுச்சு. சரியா?”

“சரிடி. இன்னா இப்போ?”

“பத்தொம்பதாம் பக்கத்துல, பத்தொம்பதுல பசங்க ரோட்டுக்கு வந்தப்பாலதான் ராஜா போனாருன்னு போட்டுக்கீது. அப்போ பன்னெண்டுல ராஜா இன்னா பண்ணிக்கினு இருந்தாரு? சடைய வெட்டிக்கினு இருந்தாரா?”

திலகவதி சிரித்தாள். சிரித்துக்கொண்டே நோட்ஸை வாங்கிப் பார்த்தாள். பத்தொன்பதாம் பக்கத்து எண்ணுக்குப் பக்கத்தில் சாய்வாக ஒரு கோடு இருந்தது. அவளுடைய முதல் மெஷினின் கண்ணாடியில் விழுந்த கீறல் அது. அந்த மெஷினை எடைக்குப் போட்டே பத்து வருஷம் ஆயிற்று. கீறல் மட்டும் நகல் நகலாக வந்துகொண்டே இருந்திருக்கிறது. அதன் கீழே, பக்கத்தின் கடைசி வரி.

சிரிப்பு நின்றுவிட்டது. மதியம் வீட்டுக்குப் போய்ப் பரணிலிருந்து பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். பென்சில் கட்டமும் ‘வேண்டாம்’ என்ற சொல்லும் அப்படியே இருந்தன.

“நான்தான்டி தப்பா போட்டுட்டேன்” என்று அங்காளம்மாளிடம் சொன்னாள். “ராஜா பன்னெண்டுலயே போயிட்டான். பசங்க அவன விரட்டல. அவங்க கத்தனது வேற ஒண்ணுக்கு. பெரிய யுத்தம் முடிஞ்சுச்சு இல்ல, அதுல ஜெர்மனிக்காரன் கையில இருந்த சீனா எடத்த ஜப்பானுக்குத் தூக்கிக் குடுத்துட்டாங்க. அதுக்குத்தான் அன்னிக்கு ரோட்டுக்கு வந்தாங்க. ஆனா அதுக்கு முன்னாடியே, ஏழு வருஷமா, ராஜா போயும் ஒண்ணும் மாறலியேன்னு புழுங்கிக்கினு இருந்தாங்க. அதனாலதான் பத்திரிகை, அதனாலதான் பேச்சு எல்லாம்.”

அங்காளம்மாள் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டாள்.

“அதான பாத்தேன்” என்றாள். “ராஜாவயே தூக்கிட்டாங்கன்னா பசங்க ஜெயிச்சிட்டாங்க இல்ல? அப்பறமும் ஏன் கத்திக்கினே இருந்தாங்கன்னு நெனச்சேன். இது என் கதை அண்ணி. கோர்ட்டுல தீர்ப்பு வந்து ஒம்போது வருஷம். ரேஷன் கார்டுல இன்னிக்கும் நான் அந்தாளு பொண்டாட்டி.”

“பரிச்சைல இதக் கேட்டா இன்னா எழுதறது?” என்று அவளே கேட்டாள்.

“சரியானத எழுது” என்றாள் திலகவதி.

யோசிக்கவேயில்லை. எழுதியவளே உயிரோடு பக்கத்தில் இருந்து திருத்திச் சொல்லும்போது இதிலென்ன யோசனை?

கேள்வி வந்தது. பத்து மதிப்பெண் கேள்வி. ‘மே நான்கு இயக்கத்தின் பின்னணியையும் விளைவுகளையும் விவரி.’ தேர்வு முடிந்து வந்த அங்காளம்மாள் வாசலிலிருந்தே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். “ஷோக்கா எழுதிக்கிறேன் அண்ணி. கால் வலிகூடத் தெரியல.” அன்றைக்குச் செங்கல்வராயன் தங்கைக்காகப் பழவேற்காட்டு நண்டு வாங்கி வந்தார்.

முடிவு வந்தபோது நாற்பத்தெட்டு. பாஸுக்கு ஐம்பது.

விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்தார்கள். அது மின்னஞ்சலில் வந்தது. கடைக் கணினியில்தான் திறந்தார்கள். மற்ற கேள்விகளுக்கெல்லாம் ஆறு, ஏழு என்று இருந்தது. இந்தக் கேள்விக்கு மூன்று. ‘மன்னராட்சி 1912-லேயே முடிந்திருந்தது’ என்ற வரியின் கீழே சிவப்புக் கோடு. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. திலகவதி முழு விடையையும் படித்தாள். அங்காளம்மாள் இப்படி எழுதியிருந்தாள்: ‘ஆண்களின் சடையை வெட்டினார்கள். ஆனால் பெண்ணைக் கேட்காமல் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதை யாரும் வெட்டவில்லை. பெயர் மாறியது, வீடு மாறவில்லை. ஏழு வருடம் பொறுத்துப் பார்த்தார்கள். பொறுத்தவர்களின் பிள்ளைகள்தான் மாணவர்கள்.’

தான் எழுதிய முப்பத்திரண்டு பக்கத்தில் இந்த மாதிரி ஒரு வரி கிடையாது என்று திலகவதிக்குத் தெரிந்தது. அதைச் சொன்னாள்.

“அத்த வச்சி இன்னா பண்றது, ரெண்டு மார்க்கு கம்மி” என்றாள் அங்காளம்மாள்.

படிப்பு மையம் திருவள்ளூரில் இருந்தது. இருவரும் ரயிலில் பேசின்பாலம் போய், அங்கே வண்டி மாறி, வேப்பம்பட்டு தாண்டும்வரை நின்றுகொண்டே போனார்கள். வழி முழுக்கத் திலகவதி பையை மார்போடு அணைத்தபடி இருந்தாள். உள்ளே பழைய நோட்டுப் புத்தகம்.

மையத்தைக் கவனித்துக்கொண்டவர் அன்புராஜ் என்ற கௌரவ விரிவுரையாளர். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். தன்மையான பிள்ளை. நாற்காலி போட்டு, டீ சொல்லிவிட்டு, விடைத்தாள் நகலைப் பார்த்தார்.

“விளைவுல ஃபர்ஸ்ட் பாயின்டையே விட்டுட்டாங்களே மேடம்” என்றார்.

“அது விளைவே இல்ல சார்.”

அவர் பீரோவிலிருந்து ஸ்பைரல் போட்ட நோட்ஸை எடுத்துப் பத்தொன்பதாம் பக்கத்தைத் திறந்து வைத்தார். சாய்வுக் கோடு இருந்தது. திலகவதி அதன்மேல் விரலை வைத்தாள்.

“இந்தக் கோடு என் மெஷின் கண்ணாடில இருந்த கீறல் சார். இத எழுதனது நான்தான். பக்கம் பத்தலன்னு பதினோரு வரிய எடுத்தேன். அதுல ஒரு வரி எடம் மாறிப் போச்சு.”

அன்புராஜ் சங்கடமாகச் சிரித்தார். “மேடம், இது ராஜமாணிக்கம் சார் நோட்ஸ். நானே இதப் படிச்சுத்தான் பாஸ் பண்ணேன்.”

“யார் சார் அவரு? எந்தக் காலேஜு?”

“பெரிய ஆளு மேடம். நான் பார்த்ததில்ல. காலமாயிட்டாருன்னு கேள்வி.”

“அண்ணி, நீ செத்துட்டியாம்” என்றாள் அங்காளம்மாள்.

திலகவதி பழைய நோட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்தாள். அவர் பென்சில் கட்டத்தைப் பார்த்தார். மரியாதைக்குப் பார்க்கிற பார்வை. பிறகு செல்பேசியை எடுத்து எதையோ தட்டினார். கொஞ்ச நேரம் படித்தார். முகம் மாறியது. மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

“சரிதான் மேடம்” என்றார் மெல்ல. “பன்னெண்டுதான்.”

திலகவதி வந்த காரியம் முடிந்தது என்று நினைத்தாள். அவர் மேலே பேசும்வரைதான்.

“ஆனா நான் இன்னா பண்ணமுடியும் சொல்லுங்க. நான் திருத்தல. திருத்தறவங்க முன்னாடி முந்நூறு பேப்பர் இருக்கும். எல்லாத்துலயும் மொத வரி ஒண்ணுதான். மஞ்சு வம்ச வீழ்ச்சி. இவங்க ஒருத்தங்க மட்டும் வேற எழுதிக்கீறாங்க. அவங்க முந்நூறு பேர நம்புவாங்களா, ஒருத்தர நம்புவாங்களா? திருத்தறவங்களும் இதப் படிச்சு வந்தவங்கதான்.” டீக் கிளாஸை அவர்கள் பக்கம் நகர்த்தினார். “மறுமதிப்பீட்டுக்குப் போடுங்க. பாக்கலாம்.”

போட்டார்கள். ‘மாற்றம் இல்லை’ என்று வந்தது.

ஜூனில் பள்ளிக்கூடத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். கரஸ்பாண்டன்ட் அம்மா நல்லவர். ஜனவரியில் ஒரு டீச்சர் பிரசவத்துக்குப் போகிறாள், அதற்குள் முடித்துவிட்டால் பார்க்கலாம் என்றார். பதிவுக்காலம் முடிந்தவர்களுக்கு டிசம்பரில் தனி வாய்ப்பு என்று ஒரு தேர்வு வைக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. அதோடு சரி. அதற்கு மேல் வாய்ப்பு என்று எதுவும் கிடையாது.

அந்த இடைவெளியில் திலகவதி தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். பல்கலைக்கழகத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதினாள். பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக அட்டை மட்டும் முத்திரையோடு திரும்பி வந்தது. பதினோரு வரியையும் சேர்த்து நோட்ஸை மறுபடி அடித்தாள். முப்பத்து மூன்று பக்கமாயிற்று. ஒன்பதாவது தாளில் மூன்று பக்கம் வெறுமையாக நின்றது. நிற்கட்டும் என்று விட்டாள். கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் இதைக் கொடுத்தாள். பெயின்ட் கம்பெனியில் வேலை செய்துகொண்டு படிக்கிற ஹெலன் என்ற பெண் மறுநாளே திருப்பிக்கொண்டு வந்தாள்.

“அக்கா, இதுல விளைவு அஞ்சுதான் கீது. எல்லாரும் ஆறு எழுதறாங்க.”

“ஆறாவது தப்புமா. நான்தான் தப்பா போட்டது.”

ஹெலன் அவளை இரக்கமாகப் பார்த்தாள். “இருக்கட்டும்கா. எனுக்கு ராஜமாணிக்கம் சாரே குடு. பேஜாரு வேணாம்.”

திலகவதி கொடுத்தாள். கொடுக்காவிட்டால் அவள் பேட்டரிக் கடைக்கு அந்தப்பக்கம் இருக்கிற இன்னொரு கடையில் வாங்கிக்கொள்வாள். மெஷினிலிருந்து பத்தொன்பதாம் பக்கம் சூடாக வந்து விழுந்தபோது அதை எடுத்துப் பார்த்தாள். கீறல் முன்னைவிடக் கறுப்பாகியிருந்தது. “நீயாச்சும் சிக்கிக்கினு நிக்கக்கூடாதா?” என்று மெஷினிடம் கேட்டாள்.

வீட்டில் ஒரு நாள் செங்கல்வராயன், “ஏன் திலகா, அந்த ராஜா எப்ப செத்தா ஒனக்கு இன்னா? பாப்பாவுக்கு ரெண்டு மார்க்கு வேணும், அத்த பாரு” என்றார். அவர் தங்கையை இன்னும் பாப்பா என்றுதான் சொல்வார்.  திலகவதி சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றினாள்.

தனி வாய்ப்புத் தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை. நாஷ்டா முடிந்து, அங்காளம்மாள் பின்வாசலில் மனையைப் போட்டு, ஒரு காலை எதிரே முக்காலிமேல் நீட்டிவைத்துக்கொண்டு இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கை முழுக்க ஈரம், புத்தகத்தைத் தொடமுடியாது. அதனால் திலகவதி எதிரே உட்கார்ந்து நோட்ஸைப் பிடித்துக்கொண்டாள். ஸ்பைரல் போட்ட நோட்ஸ். அன்புராஜ்தான் கொடுத்து அனுப்பியிருந்தார். கூடவே குரலைத் தாழ்த்தி, “இந்தத் தபா இதுல இருக்கறதையே எழுதச் சொல்லுங்க மேடம்” என்று ஒரு வார்த்தையும்.

முதலில் இதைப் பற்றி அவர்களுக்குள் பேச்சு நடந்திருந்தது. பேச்சு என்று கூடச் சொல்லமுடியாது.

“நீ இன்னா சொல்ற அண்ணி?” என்று அங்காளம்மாள் கேட்டாள்.

“நான் ஒரு தபா சொன்னேன்” என்றாள் திலகவதி. “இனிமே நீ சொல்லு.”

“எனுக்கு உக்காரணும் அண்ணி” என்றாள் அங்காளம்மாள். “நாற்காலில உக்காரணும். அம்புட்டுதான்.”

பேச்சு அதோடு முடிந்தது. இப்போது கேள்வியும் பதிலும்.

“மே நான்கு இயக்கத்தின் விளைவுகள்” என்று திலகவதி கேட்டாள்.

“ஒண்ணு, மஞ்சு வம்ச வீழ்ச்சி” என்று அங்காளம்மாள் இறாலின் தலையைக் கிள்ளினாள். “ரெண்டு, பேச்சு மொழில எழுதற வழக்கம் பரவுச்சு. மூணு, பெண் கல்வி வளந்துச்சு. நாலு…” மடமடவென்று ஆறும் வந்தது. மனப்பாடம் கல் மாதிரி இருந்தது.

“மொத பாயின்ட விரிச்சுச் சொல்லு.”

“மாணவர்கள் பீகிங் நகரத் தெருக்கள்ல திரண்டனர். வியாபாரிகள் கடையடைத்தனர். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இதன் விளைவாக மன்னராட்சி…” அவள் கை நின்றது. விரலில் ஓடு குத்தியிருந்தது. விரலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, யோசனையில்லாமல், தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிற மாதிரி தொடர்ந்தாள். “மன்னராட்சி ஆயிரத்தித் தொள்ளாயிரத்திப் பன்னெண்டுல முடிவுக்கு வந்துச்சு.”

சொல்லிவிட்டு அடுத்த இறாலை எடுத்தாள். தான் சொன்னது அவளுக்கே உறைக்கவில்லை. திலகவதி பத்தொன்பதாம் பக்கத்தைப் பார்த்தாள். சாய்ந்த கோடு, கடைசி வரி, அதற்குக் கீழே வெள்ளை. பேசாமல் விட்டுவிட்டால் என்ன என்று ஒரு கணம் இருந்தது. முக்காலிமேல் நீண்டிருந்த கால் எதிரிலேயே இருந்தது. கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் இன்னும் போகவில்லை.

“இல்ல” என்றாள் திலகவதி. “பத்தொம்பது.”

அங்காளம்மாள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

“பத்தொம்பதுல முடிவுக்கு வந்துச்சு” என்று திருத்திச் சொல்லிவிட்டு, மறுபடி குனிந்துகொண்டாள்.

“இன்னொரு தபா சொல்லு” என்றாள் திலகவதி. “ஆரம்பத்துலருந்து.”